சேந்த்-மோர் த தூரேன்: வைக்கோல் தண்டு கோத்த ஆட்டுப்பால் சீஸை வாங்குவதும் காப்பதும் பரிமாறுவதும்

பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தூர் நகரைச் சூழ்ந்த தூரேன் பகுதியில், வெள்ளாட்டுப் பாலில் செய்யப்படும் சீஸ் ஒன்று உண்டு. ஒரு சாணுக்குக் குறைவான நீளம், ஒரு முனை சற்றே அகன்றும் மறுமுனை சற்றே குறுகியும் அமைந்த உருளை வடிவம், மேலே கரித்தூள் படிந்த சாம்பல் நிறத் தோல், நடுவில் நீளவாக்கில் ஓடும் ஒரு வைக்கோல் தண்டு ஆகிய நான்கையும் ஒருசேரக் கண்டால் அது பெரும்பாலும் சேந்த்-மோர் த தூரேனாகத்தான் இருக்கும். தூர் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சேந்த்-மோர் என்னும் சிற்றூரே இதற்குப் பெயர் கொடுத்தது. 1990-இல் பிரான்ஸ் இதற்கு ஏஓசி என்னும் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பை அளித்தது. 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஓபி பாதுகாப்பும் சேர்ந்தது.

இந்தச் சீஸை முதன்முறையாக வாங்குவோர் பலர் இதை ஒரே சுவையுள்ள பண்டமாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இதன் சுவை, இறுக்கம், மணம், வெட்டும் விதம், உடன் வைக்க வேண்டிய உணவு என எல்லாமே அதன் வயதைப் பொறுத்து மாறுகின்றன. செய்து 12 நாளான கட்டியும் 40 நாளான கட்டியும் ஒரே பட்டியில் ஒரே கையால் செய்யப்பட்டவையாக இருந்தாலும், தட்டில் வைக்கும்போது இரண்டு வேறு சீஸ்கள்தான். ஆகையால் கையில் எடுத்த கட்டியின் வயதைக் கண்டறியக் கற்றுக்கொள்வதே முதல் வேலை. மற்ற வேலைகள் அதிலிருந்து தாமாகவே வந்துவிடும்.

எப்படி உருவாகிறது

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் அறிவுரைகளுக்கெல்லாம் காரணம் அங்குதான் இருக்கிறது.

சேந்த்-மோர் த தூரேனுக்குக் காய்ச்சாத, கொழுப்பு நீக்காத முழு வெள்ளாட்டுப் பால் மட்டுமே பயன்பட வேண்டும். சுமார் 250 கிராம் எடையுள்ள ஒரு கட்டிக்கு ஏறத்தாழ 2 லிட்டருக்குக் குறையாத பால் தேவைப்படுகிறது. பாலில் புளிப்பூட்டும் நுண்ணுயிர்களைச் சேர்க்கிறார்கள். பல பண்ணைகளில் முந்தைய நாள் உறைந்த பாலிலிருந்து வடிந்த தெளிநீரே இதற்கு உறையாகப் பயன்படுகிறது. அதோடு பாலை உறையவைக்கும் ரென்னெட் என்னும் நொதியும் மிகக் குறைந்த அளவில் சேர்க்கப்படுகிறது. ரென்னெட் மிகுதியாகச் சேர்ந்திருந்தால் பால் ஒரு மணி நேரத்துக்குள் இறுகி, ரப்பர் போன்ற பதத்துக்கு வந்திருக்கும். இங்கோ அறை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் பால் மெல்லப் புளித்து உறைகிறது. அதனால்தான் இந்தச் சீஸ் இழுத்தால் நீளாது. தொட்டால் நொறுங்கும், நாவில் வைத்தால் கரையும்.

உறைந்த பாலை உடைக்காமல் கரண்டியால் அள்ளி, துளைகள் உள்ள நீண்ட அச்சுகளில் நிரப்பி, தன் எடையாலேயே நீர் வடியும்படி விடுகிறார்கள். பிறகு அச்சிலிருந்து எடுத்த கட்டியின் நடுவே ரை தானியத்தின் வைக்கோல் தண்டைச் செருகுகிறார்கள். இத்தனை நீளமும் இத்தனை மென்மையும் உள்ள ஈரக்கட்டி கையாளும்போது இரண்டாக ஒடிந்துவிடக்கூடும் என்பதால் தண்டு அதற்கு முதுகெலும்பாக நிற்கிறது. உள்ளீடற்ற தண்டு வழியே நடுப்பகுதிக்குக் காற்றும் செல்கிறது. இன்று அந்தத் தண்டின் மேல் சீஸின் பெயரும் செய்தவருக்குரிய அடையாள எண்ணும் லேசரால் பொறிக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் ஒடியாமல் காக்க மட்டுமே இருந்த வைக்கோல் இப்போது போலிகளுக்கு எதிரான முத்திரையாகவும் ஆகிவிட்டது. எந்தக் காகிதச் சீட்டைவிடவும் அழகான அடையாளம் இது என்பது என் எண்ணம்.

அடுத்து, உப்புக் கலந்த மரக்கரித் தூள் கட்டியின் மேல் பூசப்படுகிறது. இது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதில்லை. புதிய கட்டியின் மேற்பரப்பு மிகவும் புளிப்பாக இருக்கும். கரித்தூள் அந்தப் புளிப்பைத் தணித்து, நன்மை செய்யும் பூஞ்சைகள் விரைவில் குடியேற வழி செய்கிறது. முதலில் ஜியோட்ரிகம் என்னும் பூஞ்சை படர்ந்து, மூளையின் மடிப்புகளைப் போன்ற சுருக்கங்கள் கொண்ட மெல்லிய தோலை உண்டாக்குகிறது. அதன்மேல் நாளாக நாளாக நீலச்சாம்பல் நிறப் பூஞ்சைகள் திட்டுத் திட்டாகப் படர்கின்றன. இவை மேலிருந்து உள்நோக்கிப் புளிப்பை உண்டு, புரதத்தை உடைக்கின்றன. எனவே தோலுக்கு அடியில் உள்ள பகுதி முதலில் குழைந்து பளபளப்பாகிறது. நடுப்பகுதி வெண்சுண்ணம்போல் உதிரும் தன்மையுடன் பின்தங்குகிறது. குளிர்ந்த, ஈரமான நிலவறையில் திருப்பித் திருப்பி வைத்து முதிரவிடப்படும் இந்தச் சீஸ், 10 நாளாவது முதிர்ந்த பிறகே பாதுகாக்கப்பட்ட பெயருடன் விற்பனைக்குச் செல்லலாம்.

உள்ளே தூய வெள்ளையாக இருப்பது வெள்ளாட்டின் இயல்பு. தீவனத்தில் உள்ள கரோட்டினை ஆடு வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் பாலில் மஞ்சள் சாயை ஏறுவதில்லை. ஆட்டுக்கே உரிய அந்தத் தனி மணத்துக்குக் கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்னும் கொழுப்பு அமிலங்கள் காரணமாகின்றன. பெட்டை ஆட்டைக் குறிக்கும் 'கப்ரா' என்ற லத்தீன் சொல்லே இம்மூன்றுக்கும் வேர்.

வாங்கும்போது

முதலில் முழுப் பெயரைப் பாருங்கள். 'த தூரேன்' என்ற பின்னொட்டு இல்லாமல் வெறும் 'சேந்த்-மோர்' என்று மட்டும் இருந்தால், அது பாதுகாக்கப்பட்ட சீஸ் ஆகாது. அந்தக் குறும்பெயரில் எங்கும் எவரும், பாஸ்டரைஸ் செய்த பாலிலும்கூட, செய்து விற்க முடியும். உண்ணத் தகாதது என்று அதைச் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வழிகாட்டியில் முதிர்ச்சியைப் பற்றிச் சொல்லப்படுபவை அதற்குப் பெரும்பாலும் பொருந்தா. 'ப்யூஷ் த ஷெவ்ர்' என்பது ஆட்டுப்பால் சீஸ் உருளை என்னும் பொதுப்பெயர் மட்டுமே. தோற்றப்பெயர் பெற்ற கட்டியின் உறையில் சிவப்பும் மஞ்சளும் கலந்த வட்டமான ஐரோப்பிய முத்திரை இருக்கும். 'லே க்ரூ' என்ற சொல் காய்ச்சாத பாலைக் குறிக்கும். 'ஃபெர்மியே' என்றிருந்தால், பண்ணைக்காரர் தம் சொந்த மந்தையின் பாலில் அதே பண்ணையில் செய்தது என்று பொருள். என்னைக் கேட்டால், கிடைக்கும்போது ஃபெர்மியேயையே தேர்ந்தெடுங்கள். ஒரு பண்ணையின் கட்டிக்கும் மற்றொன்றின் கட்டிக்கும் இடையே தெரியும் வேறுபாடுதான் இந்தச் சீஸின் தனி இன்பம்.

அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ச்சாத பாலில் செய்த சீஸ் 60 நாளுக்குக் குறையாமல் முதிர்ந்திருந்தால்தான் அங்கே விற்கலாம் என்பது விதி. அங்குள்ள கடைகளில் இதே வடிவில் இளங்கட்டியாகக் கிடைப்பவை காய்ச்சிய பாலில் செய்த ஒப்புமைச் சீஸ்களே.

அடுத்தது வயது. கடைக்காரரிடம் கேட்பதே நேர்வழி. நல்ல சீஸ் கடைக்காரர் அந்தக் கேள்வியை விரும்பி வரவேற்பார். கேட்க முடியாதபோது கண்ணும் விரலும் உதவும். 10 நாள் முதல் ஏறத்தாழ 2 வாரம் வரையிலான கட்டியில் கரித்தூள் அடர்த்தியாகவும் ஈரமாகவும் தெரியும். மெல்ல அழுத்தினால் உள்வாங்கும். சுவையில் புதுத்தயிரின் புளிப்பும் பாலின் இனிமையும் முந்தி நிற்கும். 3 முதல் 4 வாரம் ஆனதில் தோல் சுருங்கி நீலச்சாம்பல் திட்டுகள் பரவியிருக்கும். அழுத்தினால் சற்றே எதிர்த்து நிற்கும். புளிப்பு பின்வாங்கி, ஹேசல்நட் கொட்டையின் சுவை தலைகாட்டும். 5, 6 வாரங்களைக் கடந்த கட்டி எடை குறைந்து, இறுகி, வெட்டினால் பொடிப்பொடியாக உடையும். உப்பும் காரமான ஆட்டு மணமும் மேலோங்கும். முதன்முறை உண்பவருக்கு மூன்றாவதைக் கொடுத்தால் அவர் ஆட்டுப்பால் சீஸையே வெறுத்துவிடக்கூடும். நடு வயதுக் கட்டிதான் இதன் முழுக் குணத்தையும் காட்டுவது. பழக்கமில்லாதவர்கள் இளையதிலிருந்து தொடங்கி மெல்ல மேலே செல்லலாம்.

பருவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆடுகள் இயல்பாகக் குளிர்காலத்தின் முடிவில் குட்டி ஈன்று, இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரை பால் கறக்கும். எனவே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கிடைக்கும் கட்டிகள் பொதுவாகச் சிறந்தவை.

எந்தக் கட்டியை ஒதுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோல் உள்ளிருக்கும் சதையிலிருந்து பிரிந்து பையைப் போல் தளர்ந்து தொங்கினாலும், மேற்பரப்பு வழவழத்துச் சளிபோல் ஒட்டினாலும், சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறப் பிசுபிசுப்பு தெரிந்தாலும் வாங்க வேண்டாம். நீலச்சாம்பல் பூஞ்சையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது அங்கே இருக்க வேண்டியதே.

வீட்டில் வைத்துக் காத்தல்

இந்தச் சீஸ் உயிருள்ள பண்டம். அதன் தோலில் வாழும் பூஞ்சைகளுக்குக் காற்று வேண்டும். ஆனால் வறண்ட காற்று கட்டியைப் பாறையாக்கிவிடும். ஆகவே மூச்சுவிட இடமும் ஈரப்பதமும் சேர்ந்து இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் சுற்றிக் கொடுத்த சீஸ் காகிதம் இருந்தால் அதிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் மெழுகு பூசிய காகிதத்தில் தளர்வாகச் சுற்றுங்கள். ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றுவதைப் போன்ற கேடு இதற்கு வேறில்லை: வெளியேற வழியில்லாத ஈரம் தோலின் மேலேயே தேங்கி அதை வழவழக்கச் செய்கிறது, புரதம் உடையும்போது எழும் அமோனியாவும் உள்ளேயே அடைபடுகிறது. காகிதத்தில் சுற்றிய கட்டியை ஒரு மூடியுள்ள பெட்டியில் இட்டு, மூடியைச் சற்றே திறந்தாற்போல் வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் காய்கறிகளுக்கான கீழ்த்தட்டில் வைக்கலாம். மற்றத் தட்டுகளைவிட அங்கே குளிரும் வறட்சியும் குறைவு. ஆட்டு மணம் அருகில் இருக்கும் வெண்ணெயில் எளிதில் ஏறிவிடும் என்பதும் பெட்டிக்கு ஒரு காரணம். இரண்டு நாளுக்கு ஒருமுறை காகிதத்தைப் பிரித்துப் பார்த்து, கட்டியை மறுபக்கம் திருப்பி வையுங்கள். காகிதம் நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

வைத்திருக்கும் நாள்களிலும் முதிர்ச்சி தொடர்கிறது, மெதுவாக. முழுக் கட்டியை இளையதாக வாங்கி, ஒரு வாரம் கழித்து நடுவயதில் உண்பது நல்ல வழி. வெட்டிய பிறகு வெட்டுமுகத்தின் மேல் மட்டும் சிறு துண்டுக் காகிதம் ஒட்டிவைத்து, நான்கைந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். உறைநிலைப் பெட்டி வேண்டவே வேண்டாம். உறைந்து உருகும்போது நீர் பிரிந்து, அந்த நுண்ணிய கூழ்த்தன்மை மணல்போல் ஆகிவிடும்.

பிரித்ததும் அமோனியா நெடி அடித்தால் உடனே எறிய வேண்டாம். காகிதத்தை நீக்கி அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். நெடி அகன்றால் அது அடைபட்டிருந்ததன் விளைவே. அகலாமல் கண்ணை உறுத்தினால் கட்டி தன் காலத்தைக் கடந்துவிட்டது.

வெட்டுதல்

உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே சீஸை வெளியே எடுத்து வைக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது கொழுப்பு இறுகி, மணம் முழுவதும் பூட்டியே கிடக்கும். ஆனால் வெட்டுவதை மட்டும் எடுத்தவுடனே, கட்டி இன்னும் உறுதியாக இருக்கும்போதே செய்துவிடுவது எளிது. வெட்டிய வில்லைகளை மூடிவைத்து வெப்பமேற விடலாம்.

தண்டை முதலில் எடுப்பதா, கடைசியில் எடுப்பதா என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இளங்கட்டியில் தண்டை முழுவதும் உருவினால் தாங்குதல் இல்லாமல் கட்டி சரிந்துவிடக்கூடும். அதனால் நான் பரிந்துரைப்பது இதுதான்: ஒரு கையால் கட்டியைப் பலகையோடு சேர்த்து மென்மையாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தண்டின் நுனியைப் பற்றி, இழுப்பதற்கு முன் இருந்த இடத்திலேயே ஒருமுறை திருகுங்கள். ஒட்டியிருக்கும் சதை விலகியதும், வெட்டப்போகும் அளவுக்கு மட்டும் தண்டை மறுமுனை வழியாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய பகுதிக்குள் தண்டு அப்படியே இருக்கட்டும். முதிர்ந்த கட்டியில் இவ்வளவு கவனம் வேண்டியதில்லை. அங்கே தண்டை முழுவதும் உருவிவிடலாம். உருவிய தண்டை விருந்தினரிடம் காட்டுங்கள். பொறித்த எழுத்துகளைப் படித்துப் பார்ப்பதில் பெரியவர்களும் குழந்தைகளாகிவிடுவார்கள்.

அகன்ற முனையிலிருந்து வெட்டத் தொடங்குவது வழக்கம். மெல்லிய, நீண்ட அலகுள்ள கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் முன் மீண்டும் அப்படியே செய்யுங்கள். அழுத்தாமல், ஒரே நேர்கோட்டில் இறக்குங்கள். மிக இளைய கட்டிக்குக் கத்தியைவிட இழுத்துப் பிடித்த மெல்லிய நூல் நன்றாக வேலை செய்யும். வில்லைகள் 1 சென்டிமீட்டர் தடிமனாக இருக்கட்டும்: அதைவிட மெல்லியதாக வெட்டினால் உடையும், தடித்தால் தோலும் நடுப்பகுதியும் ஒரே கடியில் சேராது. தோல், அதன் அடியில் குழைந்த வளையம், நடுவில் உதிரும் வெண்மை ஆகிய மூன்றும் ஒவ்வொரு வில்லையிலும் இருக்கும்படி வெட்டுவதால்தான் ஒரு வாயில் மூன்று பதமும் கிடைக்கின்றன.

தோலை உண்ணலாமா என்று பலர் கேட்பதுண்டு. உண்ணலாம், கரித்தூளும் உண்ணத் தக்கதே. இளங்கட்டியிலும் நடுவயதுக் கட்டியிலும் தோலை நீக்குவது சுவையில் பாதியை நீக்குவதாகும். மிக முதிர்ந்ததில் தோல் கசந்தால் மட்டும் சீவிவிடுங்கள்.

பரிமாறுதல்

தூரேனில் இதற்கு இயல்பான துணை அதே மண்ணின் வெள்ளை ஒயின்தான். ஷெனின் திராட்சையில் செய்யும் வுவ்ரே, மோன்லூயி ஆகியவற்றின் புளிப்பு, சீஸின் கொழுப்பை நாவிலிருந்து கழுவி அடுத்த வாய்க்கு இடம் செய்கிறது. இளங்கட்டிக்குச் சோவின்யோன் திராட்சையின் தூரேன் வெள்ளை ஒயினும், முதிர்ந்ததற்குச் சற்றே இனிப்பு கலந்த வுவ்ரேயும் பொருந்தும். சிவப்பு ஒயின் விரும்புவோர் ஷினோன் போன்ற இலேசானவற்றோடு நின்றுகொள்வது நல்லது. துவர்ப்பு மிகுந்தவை ஆட்டுப்பாலோடு சேர்ந்து கசக்கும். மது அருந்தாதவர்களுக்குப் புளிப்புள்ள ஆப்பிள் சாறு இதே வேலையைச் செய்யும்.

ரொட்டியைப் பொறுத்தவரை, ரை அல்லது வால்நட் சேர்த்த ரொட்டி நடுவயதுக் கட்டியின் கொட்டைச் சுவையை உயர்த்திக் காட்டும். பேரிக்காய், அத்தி, ஒரு துளி தேன் ஆகியவை முதிர்ந்த கட்டியின் உப்பைச் சமன்படுத்தும். இளங்கட்டிக்குச் சற்று மிளகுத்தூளும் பொடியாக நறுக்கிய பச்சை மூலிகைகளுமே போதும்.

சூடாக்கி உண்பதும் பிரான்சில் பரவலான வழக்கம். ரொட்டித் துண்டுகளின் மேல் வில்லைகளை வைத்து, 200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில் ஓரங்கள் பொன்னிறமாகி நடுப்பகுதி தளரும் வரை சில நிமிடங்கள் மட்டும் வைத்து எடுத்து, எண்ணெயும் வினிகரும் கலந்த கீரை இலைகளின் மேல் வைத்துப் பரிமாறுவார்கள். பாதுகாக்கப்பட்ட பெயருள்ள நல்ல கட்டியை முழுவதும் இதற்குச் செலவிட எனக்கு மனம் வராது. அதன் நுட்பமான மணங்கள் சூட்டில் மறைந்துவிடுகின்றன.

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோர் இந்தச் சீஸைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸில் லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிர் இருக்க வாய்ப்புண்டு; ஆரோக்கியமானவர்களைப் பெரிதும் தாக்காத அது, கருவுக்குப் பேராபத்தாகலாம். ரொட்டியின் மேல் சற்றே சூடாக்குவது போதிய பாதுகாப்பு ஆகாது. ஒரே மேசையில் அவர்களும் அமர்ந்திருந்தால், காய்ச்சிய பாலில் செய்த வேறொரு சீஸைத் தனிப் பலகையிலும் தனிக் கத்தியோடும் வையுங்கள்.

கடைசியில் எஞ்சும் குறுகிய முனை பெரும்பாலும் உலர்ந்து, தனியே உண்ண முடியாதபடி உப்பேறியிருக்கும். அதைத் தூக்கி எறிய வேண்டாம். காகிதத்தில் சுற்றி மேலும் ஒரு வாரம் விட்டு நன்றாக இறுகியதும், துருவியில் நுண்ணியதாகத் துருவி, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேலோ சூடான காய்கறிச் சூப்பின் மேலோ தூவுங்கள். அந்தச் சூட்டில் ஆட்டு மணம் மீண்டும் விரிந்து எழும்.